பால் இலையில் விழட்டும், பானையில் வேண்டாம்: நனிசைவ மருமகளுக்கு வயிறு நிறையச் சமைக்க ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீடு பாபநாசத்துக்குப் பக்கத்தில், குடமுருட்டிக் கரையில். கொல்லையில் கறவை மாடு நின்ற காலம் போய்விட்டாலும், காலையில் முதலில் அடுப்பேறுவது இன்றும் பால்தான். அப்படிப்பட்ட வீட்டுக்கு வந்த மருமகள் பால், தயிர், நெய், தேன், முட்டை, மீன் எதையும் தொட மாட்டாள். கல்யாணத்துக்கு முன்பே பையன் சொல்லியிருந்தான். "சைவம்தானே, அதுல என்ன?" என்று நானும் தலையை ஆட்டிவிட்டேன். சைவம் வேறு, இது வேறு என்பது அவள் வந்த முதல் வாரத்தில்தான் உறைத்தது.

வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய சங்கத்தோடு பிறந்தது. தமிழில் நனிசைவம் என்கிறார்கள். சொல் புதிது, சாப்பாட்டில் பாதி நமக்குப் பழசு. அந்த மீதிப் பாதியில்தான் நான் இரண்டு தப்புகள் செய்தேன்.

முதல் தப்பு, ரசத்தை நெய்யில் தாளித்தது. கை தானாகவே நெய்க் கிண்ணத்துக்குப் போய்விட்டது. மறுநாள் நல்லெண்ணெயில் தாளித்துவிட்டுப் பெருமையாகச் சுண்டைக்காய் வற்றல் வறுத்து வைத்தேன். "அத்தை, இது மோர்ல ஊறப்போட்டதா?" என்றாள். மோரில்தான் ஊறியிருந்தது.

இரண்டாவது தப்பு பெரியது. அவளுக்கு ஆகாததையெல்லாம் எடுத்துவிட்டேன், எடுத்த இடத்தில் எதையும் வைக்கவில்லை. நெய் போனது, தயிர் போனது, மாலைக் காபியில் பால் போனது. மிச்சம் இருந்தது சோறும் தண்ணியான சாம்பாரும் ஒரு பொரியலும். நாலு மணிக்கெல்லாம் பசிக்கிறது என்று பிஸ்கட் டப்பாவைத் திறப்பாள், பொட்டலத்தில் பால்பொடி என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மூடுவாள். ஒரு மாதத்தில் அவள் ரவிக்கைகள் தொளதொளவென்று ஆகிவிட்டன. கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கப்புறம் கற்றுக்கொண்டது.

முதல் வேலை: பால் ஒளிந்திருக்கும் இடங்களைக் கண்டுபிடிப்பது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலமாரியில் இருக்கும் எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். நம் ஊர்ச் சமையலில் பால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வருவது கொஞ்சம்தான். மோர் மிளகாய், சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல், பாகற்காய் வற்றல் எல்லாம் பெரும்பாலும் மோரில் ஊறிக் காய்ந்தவை. கூழ் வடகத்தில் புளித்த மோர் இருக்கலாம். வாழைத்தண்டும் வாழைப்பூவும் கறுக்காமல் இருக்க மோர்த் தண்ணீரில் நறுக்கிப் போடுகிறோம். ரவா தோசை மாவில் ஒரு கரண்டி தயிர் விழும். அவியலில் கடைசியில் தயிர். வெண்பொங்கலில் நெய்யைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றுக்கு மாற்று சுலபம். வற்றலை உப்பும் புளித்தண்ணீரும் கலந்து ஊறப்போட்டுக் காயவைக்கலாம். புளிப்பு இன்னும் நன்றாகவே பிடிக்கிறது. வாழைத்தண்டுக்கு அரிசி களைந்த தண்ணீரில் அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் போதும். அவியலுக்கு மாங்காய்க் காலத்தில் மாங்காய், மற்ற நாளில் ஒரு சின்னத் துண்டு புளி. ரவா தோசைக்கு மாவை இரண்டு மணி நேரம் கூடுதலாகப் புளிக்க விடுங்கள். இட்லி, தோசை, அப்பளம், புளிக்காய்ச்சல், துவையல் வகைகள், இட்லிப் பொடி எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

கடைப் பொட்டலத்தில் பலரும் ஏமாறுவது பச்சைப் புள்ளியில். பச்சைப் புள்ளி என்றால் சைவம். பாலும் அதில் அடக்கம். உணவுப் பாதுகாப்புத் துறை 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி நனிசைவப் பொருளுக்குப் பச்சை நிறத்தில் தனியாக ஒரு 'வி' முத்திரை உண்டு. அது இல்லாத பொட்டலத்தில் சேர்மானப் பட்டியலின் கீழே ஒவ்வாமைக்காகப் போடும் வரியைப் பாருங்கள், பால் இருந்தால் அங்கே சொல்லியிருப்பார்கள். ரொட்டி, பிஸ்கட், மிட்டாய், சூப் பொடி எல்லாவற்றிலும் அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் நான் இப்போது காசு கொடுக்கிறேன்.

இரண்டாவது: ஒரே பானை

அவளுக்குத் தனிக் குழம்பு, நமக்குத் தனிக் குழம்பு என்று ஆரம்பித்தால் பத்து நாளில் சலிப்பு வந்துவிடும். சலிப்பு வந்தால் அவள் தட்டில்தான் அது தெரியும். தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் சமைத்ததைச் சாப்பிடுகிறவளுக்கும் தொண்டையில் இறங்காது. ஆகவே எங்கள் வீட்டில் ஒரே சட்டம்: பானையில் பால் விழக் கூடாது, இலையில் விழலாம். சமைப்பது எல்லாமே எண்ணெயிலும் தேங்காயிலும். நெய் வேண்டுகிறவர் தன் சோற்றில் விட்டுக்கொள்ளட்டும், தயிர் வேண்டுகிறவர் தன் தட்டில் ஊற்றிக்கொள்ளட்டும். ரசத்தை நெய்யில் தாளிக்காததற்கு எங்கள் வீட்டுக்காரர் நான்கு நாள் முகம் சுளித்தார். ஐந்தாம் நாள் தன் கிண்ணத்தில் அரைக் கரண்டி நெய்யை விட்டுக் கலக்கிக் குடித்தார். அதோடு சரி.

பாத்திரம் விஷயத்தில் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மீன் உண்டு. மீன் சட்டி, மீன் கரண்டி, மீன் பொரிக்கும் இலுப்பச்சட்டி தனி. மீன் பொரித்த எண்ணெயை எடுத்து வைத்து வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை. நெய்க் கரண்டியைச் சாம்பார்ப் பாத்திரத்தில் போடும் பழக்கத்தையும் விட வேண்டியிருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு வாழைக்காயை மீன் துண்டம் மாதிரிச் சாய்வாக நறுக்கி, மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், உப்பு, சோம்புத் தூள் தடவிக் கல்லில் போட்டு எடுக்கிறேன். மீன் குழம்புக்குக் கூட்டிய அதே மசாலாவில், மீன் போடுவதற்கு முன்பே ஒரு பங்கை வேறு மண்சட்டிக்கு மாற்றி, கத்திரிக்காயும் ஊறவைத்த மொச்சையும் போட்டுவிட்டால் குழம்பும் ஆயிற்று.

மூன்றாவது: பசி தாங்குகிற கணக்கு

நான் சறுக்கியது இந்த இடத்தில்தான். பாலும் தயிரும் தருவது ருசி மட்டுமில்லை, புரதமும் கொழுப்பும் சேர்த்துத்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரைப்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். என் மருமகள் 55 கிலோ. அவளுக்கு ஏறக்குறைய 46 கிராம். நூறு கிராம் பருப்பிலோ உளுந்திலோ பயறிலோ 22 முதல் 24 கிராம் வரை இருக்கிறது. அரிசியில் நூறுக்கு ஏழு எட்டு. வேர்க்கடலையில் நூறுக்கு 25 அளவில்.

இதைச் சமையலறைக் கணக்காக்கினால்: நாள் முழுவதும் சேர்த்து இரண்டு பெரிய கைப்பிடி பருப்பு அல்லது பயறு, அதாவது 100 கிராம், 300 கிராம் அரிசி, ஒரு சின்னக் கைப்பிடி வேர்க்கடலை. கணக்கு 50-ஐத் தாண்டிவிடும். அரிசியில் குறைகிற லைசின் என்ற புரதக் கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைகிற மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இட்லி, பொங்கல், பருப்புச் சோறு என்று இரண்டையும் சேர்த்தே நாம் சாப்பிட்டு வருவது எவ்வளவு தோதாகிவிட்டது பாருங்கள்.

ஒரு வேளை சாம்பாருக்கு ஒரு ஆளுக்குப் போடும் துவரம்பருப்பு 20 கிராமைத் தாண்டுவதில்லை என்பதை நான் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகுதான் அறிந்தேன். மீதி 80 கிராமுக்கு எங்கே போவது? இதற்கு நம் வயலே பதில் வைத்திருக்கிறது. டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். அதற்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ச்சுவதில்லை; மண்ணில் மிஞ்சிய ஈரமும் தைப் பனியும் போதும். பங்குனியில் வீட்டுக்குப் புது உளுந்து வரும். அதில் தோலோடு ஒரு மூட்டையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பொட்டலத்துப் பழைய உளுந்தைவிடச் சீக்கிரம் வேகும், வாசனையும் வேறு.

கொழுப்பை மறந்துவிடாதீர்கள். பருப்புச் சோற்றுக்கு நெய் விட்ட அதே அளவு செக்கு நல்லெண்ணெய் விடுங்கள். தேங்காய்க்குக் கஞ்சத்தனம் வேண்டாம். எள்ளுப் பொடி ஒரு டப்பா எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மெலிந்துபோன என் மருமகள் தேறியது பெரும்பாலும் நல்லெண்ணெயிலும் எள்ளிலும்தான் என்பது என் எண்ணம்.

ஒரே நாளில் பயறு அளவைக் கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு மூன்று வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். முழுப் பயறை எட்டு மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். பெருங்காயம், பூண்டு, இஞ்சி மூன்றில் ஒன்றாவது இருக்கட்டும். மீல்மேக்கரில் புரதம் நிறைய, நூறு கிராமுக்கு 50-ஐ ஒட்டி. உப்புப் போட்ட வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு, இரண்டு முறை பிழிந்துவிட்டுச் செய்தால் பச்சை வாடை போய்விடும். எனக்கு அது செருப்பு வாரைக் கடிக்கிற மாதிரிதான். மாதம் இரண்டு முறை பையனுக்காகச் செய்கிறேன்.

நான்காவது: கனமான இரண்டு பண்டங்கள்

வாரத்தில் இரண்டு நாளாவது பருப்பே முக்கியப் பண்டமாக இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது பருப்புருண்டைக் குழம்பும் கடப்பாவும்.

*பருப்புருண்டைக் குழம்பு, நான்கு பேருக்கு.* முக்கால் டம்ளர் துவரம்பருப்பு, கால் டம்ளர் கடலைப்பருப்பு, சேர்ந்து ஏறக்குறைய 200 கிராம். இரண்டையும் இரண்டு மணி நேரம் ஊறவையுங்கள். அதற்கு மேல் ஊறினால் உருண்டை சொதசொதவென்று ஆகும். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு, நான்கு காய்ந்த மிளகாய், ஒரு கரண்டி சோம்பு, உப்பு, பெருங்காயம் சேர்த்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் கொரகொரப்பாக அரையுங்கள். பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல், கறிவேப்பிலை போட்டுப் பிசைந்து எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டுங்கள்.

உருண்டையைப் பச்சையாகவே குழம்பில் போடுகிறவர்கள் உண்டு. என் மாமியார் அப்படித்தான் போடுவார், ஒன்றுகூட உடையாது. எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. இட்லித் தட்டில் வைத்து எட்டு முதல் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்துவிடுகிறேன். நிம்மதி.

குழம்புக்கு எலுமிச்சை அளவு புளி. சட்டியில் நான்கு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை தாளித்து, இருபது சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு தக்காளி வதக்கி, மூன்று கரண்டி குழம்புத் தூள் போட்டு, புளிக் கரைசலை ஊற்றிக் கொதிக்கவிடுங்கள். பச்சை வாடை போனதும் அரை மூடித் தேங்காயை அரைத்து ஊற்றுங்கள். இப்போது குழம்பு "இவ்வளவு தண்ணியா?" என்று தோன்றும் பதத்தில் இருக்க வேண்டும். உருண்டை போட்டபின் அது குடித்துக்கொண்டே இருக்கும். உருண்டைகளைப் போட்டு ஐந்து நிமிடம் மிதமாகக் கொதித்ததும் இறக்கி, அரை மணி நேரம் மூடி வையுங்கள். சுடச்சுட ஊற்றினால் உருண்டைக்குள் உப்பும் புளியும் இறங்கியிருக்காது. ஒரு ஆளுக்கு மூன்று உருண்டை விழுந்தால் அந்த வேளைக்கு 50 கிராம் பருப்பு உள்ளே போய்விட்டது.

*கும்பகோணம் கடப்பா.* இட்லிக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை என்பது எங்கள் பக்கத்தார் எல்லோருடைய கட்சி. அரை டம்ளர் பாசிப்பருப்பைக் குழைய வேகவையுங்கள். மூன்று உருளைக்கிழங்கை வேகவைத்துக் கையால் உடைத்து வையுங்கள், மசிக்க வேண்டாம். அரைப்பதற்கு: அரை மூடித் தேங்காய், ஐந்து பச்சை மிளகாய், ஒரு கரண்டி சோம்பு, ஒரு கரண்டி கசகசா, ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, நான்கு பல் பூண்டு. எண்ணெயில் பட்டை, கிராம்பு, பிரிஞ்சி இலை தாளித்து, வெங்காயம் வதக்கி, பருப்பையும் கிழங்கையும் போட்டு, அரைத்ததைக் கரைத்து ஊற்றி ஏழெட்டு நிமிடம் கொதித்தால் போதும். மஞ்சளும் மிளகாய்த் தூளும் சேர்க்கக் கூடாது. வெளிறிய நிறம்தான் கடப்பாவுக்கு அழகு. இறக்கியபின் எலுமிச்சை பிழியுங்கள். ஆறினால் கெட்டிப்படும், வெந்நீர் விட்டு நெகிழ்த்திக்கொள்ளலாம். கடப்பாவில் பால் ஒரு நாளும் இருந்ததில்லை. மருமகளுக்காக மாற்ற வேண்டியிராத பண்டம் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

நாலு மணிப் பசிக்குக் கறுப்பு உளுந்தங்களி. தோலுளுந்து ஒரு டம்ளருக்குப் பச்சரிசி கால் டம்ளர், வாசம் வர வறுத்து, மாவாக்கிச் சலித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், ஒரு டம்ளர் பொடித்த கருப்பட்டி, அரைக்கால் டம்ளர் நல்லெண்ணெய். கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, தண்ணீரில் கரைத்த மாவை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாத பதம் வந்ததும் இறக்கிவிடலாம். பிஸ்கட் டப்பா இப்போது ஊசி நூல் வைக்கத்தான் பயன்படுகிறது.

மற்றபடி தட்டைப்பயறு கத்திரிக்காய்க் குழம்பு, மார்கழி, தையில் பச்சை மொச்சைக் கூட்டு, கொண்டைக்கடலை போட்ட பிட்லை, பருப்பு உசிலி, அடை. உங்கள் வீட்டுச் செய்முறையே போதும். எண்ணெயை மட்டும் பாருங்கள்.

ஐந்தாவது: பால் போன இடத்துச் சுண்ணாம்புச் சத்து, இரும்பு, அப்புறம் அந்த மாத்திரை

வளர்ந்தவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது நம் நாட்டுப் பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. எள்ளில் நூறுக்கு 1200-க்கு மேல். அதில் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு பங்குதான் என்றாலும் ஒதுக்கத்தக்கதில்லை. அகத்தி, முருங்கை இரண்டும் கொல்லையிலேயே கிடைக்கின்றன. வாரம் இரண்டு நாள் கேழ்வரகு மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் போட்டு அடை தட்டுகிறேன், தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். கீரையில் இருக்கிற இரும்பு உடம்பில் சேர, அதே வேளையில் எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருக்க வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அது இரும்பைத் தடுக்கும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கச் சொல்லுங்கள்.

பி12 வைட்டமின் விஷயத்தில் மட்டும் சமையலை நம்பாதீர்கள். நம்பத்தக்க அளவில் அது செடி கொடியில் விளைவது எதிலும் இல்லை. பழைய சோற்றில் இருக்கிறது, கீரையில் இருக்கிறது, புளித்த மாவில் இருக்கிறது என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அவற்றை நம்பி இருக்கக் கூடாது. குறைந்தால் ரத்தசோகை, கை கால் மரமரப்பு, மறதி எல்லாம் வரும். அதுவும் உடம்பில் சேர்த்து வைத்திருப்பது தீர்ந்த பிறகுதான், வருடக் கணக்கில் தாமதமாகத் தெரியும். ரத்தத்தில் அளவு பார்த்து, மருத்துவர் சொல்கிற மாத்திரையைச் சொல்கிற முறையில் எடுக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சி, பால் கொடுக்கிற தாய், சின்னக் குழந்தை என்றால் ஆரம்பத்திலிருந்தே மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்தச் சாப்பாடு. எங்கள் வீட்டில் மாத்திரை அட்டை உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் மறந்தாலும் நான் பார்த்துவிடுவேன்.

ஆறாவது: கடைசிக் கை

டெல்டாக்காரருக்குத் தயிரோ மோரோ இல்லாமல் சாப்பாடு முடியாது. ரசத்தோடு எழுந்தால் பந்தியிலிருந்து பாதியில் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும். இதற்கு நான் பிடித்த வழி வேர்க்கடலைத் தயிர்.

ஒரு டம்ளர் பச்சை வேர்க்கடலையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டுத் தோலைக் கசக்கி எடுங்கள். தோல் இருந்தால் துவர்ப்பும் நிறமும் இறங்கும். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு மைய அரைத்து, இன்னும் இரண்டு டம்ளர் விட்டு வெள்ளைத் துணியில் பிழியுங்கள். சக்கையைக் கொட்ட வேண்டாம், அடை மாவில் போடலாம். பாலை அடி கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் கிளறிக்கொண்டே பத்து நிமிடம் காய்ச்சுங்கள். கை எடுத்தால் அடிப்பிடித்துவிடும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவிய பச்சை மிளகாய்க் காம்பு எட்டுப் பத்தை உள்ளே அமுக்கி மூடி வையுங்கள். உறை மோர் இல்லாமலேயே உறையும். சித்திரை வெயிலில் எட்டு மணி நேரம், மார்கழியில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல்.

முதல் தடவை உறைந்தது தளதளவென்று, கொஞ்சம் கடலை வாடையோடுதான் இருக்கும். மனம் விட்டுவிடாதீர்கள். காம்பை எடுத்துவிட்டு, அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து அடுத்த தடவைக்கு உறை ஊற்றுங்கள். அது கெட்டியாக, புளிப்பாக வரும். குளிர்ப்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். வெறுமனே மோராகக் கரைத்துக் குடிக்க நன்றாக இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன். குழைத்த சோற்றில் பிசைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், மாங்காய்த் துண்டு போட்டு, கடுகும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டினால் தயிர்ச்சோறு என்ற பெயரைக் காப்பாற்றிவிடும். இதில் மோர்க்குழம்பு வைத்தால் கொதிக்கவிடாதீர்கள், நுரை கட்டியதும் இறக்குங்கள்.

இவ்வளவு பாடு வேண்டாம் என்கிற நாளில் பழையது இருக்கிறது. இரவு தண்ணீர் ஊற்றிய சோறு, காலையில் மோர் சேர்க்காமல், உப்புப் போட்டு, சின்ன வெங்காயம், முந்தின நாள் வற்றிய பருப்புருண்டைக் குழம்பு. மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா மாதிரி அரிசியில் பழையது இன்னும் ருசி.

காபி விஷயத்தில் நான் தோற்றேன். தேங்காய்ப்பாலை டிகாக்‌ஷனில் ஊற்றினால் திரிந்துபோகிறது. முந்திரிப் பருப்பு பத்தை மூன்று மணி நேரம் ஊறவைத்து முக்கால் டம்ளர் தண்ணீரில் மைய அரைத்து, கொதிக்கவிடாமல் சூடாக்கிக் கலந்தால் ஓரளவு வருகிறது. கொதித்தால் பாயசமாகிவிடும். கடைசியில் அவளே பால் இல்லாத காபிக்குக் கருப்பட்டி போட்டுக் குடிக்கப் பழகிக்கொண்டாள்.

நாள் கிழமையும் வெளிச் சாப்பாடும்

ஆடிப்பெருக்குக்கு ஆற்றங்கரைக்குக் கொண்டுபோகும் சித்திரான்னங்களை எண்ணிப் பாருங்கள்: புளியோதரை, தேங்காய்ச் சோறு, எலுமிச்சைச் சோறு, எள்ளுச் சோறு, கூடவே காப்பரிசி. தயிர்ச்சோறு ஒன்றுதான் அவளுக்கு ஆகாதது. தாளிக்கும்போது நெய்யைத் தொடாமல் இருந்தால் சரி. திருவாதிரைக் களிக்கும் சர்க்கரைப் பொங்கலுக்கும் நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெயில் முந்திரி வறுத்துக் கொட்டுகிறேன். பாசிப்பருப்புப் பாயசத்துக்குத் தேங்காயின் இரண்டாம் பாலில் பருப்பையும் வெல்லத்தையும் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் முதல் பாலை ஊற்றுங்கள். அசோகாவை இரண்டு தடவை எண்ணெயில் முயன்றேன். திருவையாற்று அசோகா நெய்யால்தான் அசோகா. எண்ணெயில் கிளறினால் இனிப்பான பருப்பு மசியல். விட்டுவிட்டேன்.

கல்யாணப் பந்தியில் பருப்புக்கு மேல் நெய் ஊற்ற வருகிறவர் கை வேகமாக வரும். இலையின் அந்த மூலையைக் கையால் மறைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தயிர்ப்பச்சடி, மோர்க்குழம்பு, பால்பாயசம் வைக்க வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; வைத்தபின் ஒதுக்கினால் பெரியவர்கள் வருத்தப்படுவார்கள். ரசம் எதில் தாளித்தது என்று சமையல்காரரிடம் கேட்டால் போதும், அவருக்குத்தான் தெரியும். ஓட்டலில் இட்லி, சாதா தோசை, பூரி பெரும்பாலும் தொந்தரவில்லை. தோசைக்கு "எண்ணெய் மட்டும்" என்று சொல்லாவிட்டால் நெய்யோ வெண்ணெயோ விழக்கூடும். பொங்கலும் ரவா தோசையும் வேண்டாம். பரோட்டா மாவில் பாலோ முட்டையோ இருக்கலாம், கேட்டுவிட்டுத்தான்.

சென்னைக்கு ரயிலேறுகிற நாளில் புளியோதரை கட்டிக் கொடுக்கிறேன். சோற்றை உதிராக வடித்து, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்து, வேர்க்கடலையும் கடலைப்பருப்பும் தாராளமாகப் போட்டுக் கிளறி, வாட்டிய வாழையிலையில் கட்டினால் மறுநாள் மதியம் வரை கெடாது. பொட்டலம் இரண்டாகக் கட்டுங்கள். பையன் தன் பங்கை விழுப்புரம் தாண்டுவதற்குள் முடித்துவிட்டு அவளுடையதைக் கேட்பான்.